இழுக்காத நேரத்தில் கடிக்கும் மீன்: மெதுவாக மூழ்கும் லூர் பழக வருபவர்களுக்கு

மார்கழி மாதக் காலை, முட்டுக்காட்டு முகத்துவாரம். பதினோரு சென்டிமீட்டர் லூர் (சின்ன மீன் போலச் செய்த செயற்கை இரை) ஒன்றை வீசுவதும் சுற்றுவதுமாக இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டேன். ஒரு கடிகூட இல்லை. பக்கத்தில் வீச்சுவலையோடு மடவைக்காக நின்றிருந்த பெரியவர் என்னைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்க் கேட்டார்: "இன்னா தம்பி, போட்ட ஒடனே இழுத்துகினே கீற? அடிபட்ட மடவ இவ்ளோ வேகமாவா ஓடும்? கொஞ்சம் வுடு, சாவட்டும்."

"வுட்டா அடியில மாட்டிக்கும் ஐயா" என்றேன்.

"எத்தினி ஆழம்னு தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. என் கையில் இருந்ததோ ஆழத்தை எண்ணி இறக்குவதற்கென்றே செய்த லூர். அதை வாங்கி ஆறு மாதமாகியும் ஒருமுறைகூட எண்ணியதில்லை. இந்தக் கட்டுரை அந்த எண்ணிக்கையைப் பற்றியதுதான். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வரும்.

எந்த லூர்

லூர்களில் மிதப்பது, விட்ட ஆழத்திலேயே நிற்பது, மூழ்குவது என்று மூன்று வகை. பெட்டியில் எஃப் என்று போட்டிருந்தால் மிதக்கும், எஸ்.பி. என்றால் நிற்கும், எஸ் என்றால் மூழ்கும், எஸ்.எஸ். என்றால் மெதுவாக மூழ்கும். ஜிக் என்னும் இரும்பு லூர் கல்லைப் போல நேராக அடிக்குப் போய்விடும். மெதுவாக மூழ்கும் லூரோ அரச இலை காற்றில் இறங்குவதைப் போலத் தள்ளாடித் தள்ளாடி இறங்கும். கொடுவாவும் பாறை மீனும் சீலாவும் பாய்வது அந்தத் தள்ளாட்டத்தைப் பார்த்துத்தான். கூட்டத்தில் இருந்து விலகிச் செத்துக்கொண்டிருக்கும் சின்ன மீன் அப்படித்தான் இறங்கும். துரத்த வேண்டியதில்லை, வாயைத் திறந்தால் போதும்.

பெயர்க் குழப்பம் ஒன்றை இங்கேயே தீர்த்துவிடலாம். சென்னையில் சீலா என்றால் நீளமூஞ்சிப் பல்லுக்காரன், தெற்கே ஊளி என்பார்களே அது. தூத்துக்குடிப் பக்கம் போய்ச் சீலா என்றால் வஞ்சிரத்தைக் காட்டுவார்கள். இந்தக் கட்டுரையில் சென்னைக் கணக்கு.

புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டு லூர் போதும். ஒன்று, மூக்கில் உதடு போலச் சின்னத் தகடு உள்ள மின்னோ (குட்டி மீன் வடிவ லூர்), 9 முதல் 11 செ.மீ. ராப்பாலா கவுண்ட்டவுன் இதற்குப் பழைய, நல்ல உதாரணம். ஃபின்லாந்துக் கம்பெனி அதை 1965-ல் கொண்டுவந்தது. 9 செ.மீ. லூர் 12 கிராம், 11 செ.மீ. லூர் 16 கிராம். நொடிக்குச் சுமார் ஓர் அடி இறங்கும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. இரண்டாவது, உதடே இல்லாத சிங்கிங் பென்சில் (மூழ்கும் பென்சில் வடிவ லூர்), 10 முதல் 12 செ.மீ., 20 முதல் 30 கிராம். எதிர்க்காற்றில் மின்னோ திணறும், பென்சில் அம்புபோலப் போகும். சுற்றும்போது உதடுள்ளது இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். உதடில்லாததை வேகமாகச் சுற்றினால் மேலே ஏறிவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல், "பென்சிலை அடியில்தான் ஓட்டுகிறேன்" என்று நம்பிக்கொண்டு மேல்தண்ணீரில் ஓட்டுபவர்கள் நிறைய.

நிறத்தைப் பற்றிக் கடைக்காரரோடு அரை மணி நேரம் பேசலாம். தெளிந்த தண்ணீருக்கு வெள்ளி, கலங்கலுக்கு வெள்ளை அல்லது தங்கம். அவ்வளவுதான்.

உப்புத் தண்ணீர் செய்யும் வேலை

கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் கனம். லிட்டருக்குச் சுமார் 25 கிராம் கூடுதல். இது லூருக்கு என்ன செய்யும் என்று பாருங்கள். 20 மில்லி லிட்டர் தண்ணீரை விலக்கும் ஒரு லூர் இருக்கிறது, எடை 20.8 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல தண்ணீர் அதை 20 கிராம் அளவுக்கு மேலே தள்ளும். மிச்சம் 0.8 கிராம், அதுதான் அதை இறக்குகிறது. கடலில் தள்ளும் அளவு 20.5 கிராம். மிச்சம் வெறும் 0.3 கிராம். இறங்கும் வேகம் ஏறக்குறைய பத்தில் ஆறு பங்காகக் குறைந்துவிடும். இதே லூர் 20.3 கிராம் இருந்திருந்தால் ஏரியில் மூழ்கும், கடலில் மிதக்கும்! ஏரி மீனுக்கென்று வாங்கியதைக் கடற்கரைக்குக் கொண்டுவந்து, "பெட்டியில் மூழ்கும் என்று போட்டிருக்கிறதே" என்று திகைப்பவர்களுக்கு விடை இதுதான்.

அந்த 0.3 கிராமை வைத்து யோசித்தால் இன்னொன்றும் விளங்கும். லூரின் தூண்டில் முள்ளை மாற்றி 0.3 கிராம் கூட்டினால், லூரை இறக்கும் எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எனவே துருப்பிடித்த முள்ளை மாற்றும்போது பழையதையும் புதியதையும் எடைபோட்டுப் பாருங்கள். நகை நிறுக்கும் சின்ன மின்தராசு மலிவாகவே கிடைக்கிறது. மும்முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுபவர்களும் எடையைப் பொருத்தித்தான் போட வேண்டும். தலைப்பக்கம் கனத்தால் லூர் மூக்குக் குத்தி இறங்கும், தள்ளாட்டம் போய்விடும். பெரிய ஸ்னாப் (லூரை மாட்டும் கொக்கி), கம்பி லீடர் (லூருக்கு முன்னால் கட்டும் துண்டு) எல்லாம் செய்யும் கெடுதலும் இதேதான்.

மழைக்காலத்து முகத்துவாரத்தில் இன்னும் ஒரு வேடிக்கை. மேலே ஆற்றுத் தண்ணீர், கீழே கடல் தண்ணீர் என்று இரண்டு அடுக்காக நிற்கும். லூர் மேலடுக்கில் சரசரவென்று இறங்கி, கீழடுக்கில் தயங்கும். நீங்கள் எண்ணிய கணக்கு அன்றைக்கு மட்டும் தப்பும். பதற வேண்டாம், மறுபடி எண்ணுங்கள்.

எண்ணிப் பழகுதல்

மீன் பிடிக்கும் எண்ணமே இல்லாமல் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். அலை அடங்கிய துறைப்படியோ பாலத்து ஓரமோ போதும். லூரில் இருந்து சரியாக 2 மீட்டர் தள்ளித் தூண்டில் நரம்பில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கோட்டை விரலால் தண்ணீர் மட்டத்தில் பிடித்துக்கொண்டு, லூரைப் பக்கத்திலேயே தண்ணீரில் விடுங்கள். நரம்பு முழுக்கத் தொளதொளவென்று இருக்க வேண்டும். ஒரே தாளத்தில் எண்ணுங்கள். நரம்பு விறைத்ததும் நிறுத்துங்கள். எட்டு வந்தால் எண்ணிக்கைக்கு 25 செ.மீ. மூன்று முறை செய்து சராசரி எடுத்து லூர்ப் பெட்டியின் மூடியில் எழுதிவையுங்கள். நொடிமுள்ளோடு ஒருமுறை ஒத்துப் பார்ப்பதும் நல்லது. மீன் குதிப்பதைப் பார்த்த பிறகு நம் வாய் எண்ணும் வேகமே வேறு.

இனி வீசிப் பார்க்கலாம். லூர் தண்ணீரைத் தொட்டதும் நரம்பு சுற்றியிருக்கும் ரீலின் வளைகம்பியைக் கையால் மூடுங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடினால் லூர் ஒரு முழம் நகர்ந்துவிடும். ராட் (தூண்டில் கோல்) நுனியைச் சற்றே உயர்த்தி, நரம்பில் இருக்கும் பெரிய தொய்வை மட்டும் எடுங்கள். இறுக்கிப் பிடித்தால் லூர் உங்களை நோக்கி ஊஞ்சல் ஆடி வரும், நேராக இறங்காது. முழுக்கத் தளர விட்டால் கடித்தது தெரியாது. இரண்டுக்கும் நடுவில், தண்ணீர்மேல் நரம்பு லேசாக வளைந்து கிடக்கும் நிலை ஒன்று உண்டு. கொடியில் காயும் வேட்டியின் தொய்வு என்று நான் நினைத்துக்கொள்வேன். எழுத்தில் இதற்குமேல் சொல்ல முடியவில்லை, பத்து நாளில் கைக்கு வந்துவிடும்.

முதல் வீச்சில் அடியைத் தொடும்வரை எண்ணுங்கள். தொட்டதும் நரம்பு சட்டென்று சோர்ந்து விழும். பன்னிரண்டில் தொட்டது என்றால் அடுத்த வீச்சில் பத்து எண்ணிச் சுற்றத் தொடங்குங்கள். அதற்கடுத்து ஏழு, பிறகு நான்கு. எந்த எண்ணிக்கையில் கடித்தது என்று ஞாபகம் வைத்துக்கொண்டு அதே எண்ணிக்கையில் மறுபடி போடுங்கள். மீன்கள் அன்றைக்கு ஒரே ஆழத்தில் நிற்பது சகஜம். இதைவிட்டு வாய்க்கு வந்தபடி இறக்கினால், கடித்த இடத்தை நீங்களே தொலைத்துவிடுவீர்கள்.

ராட், ரீல், நரம்பு

8 அல்லது 9 அடி ராட், 12 முதல் 50 கிராம் வரை வீசக்கூடியது. 4000 அளவு ரீல். 20 முதல் 30 பவுண்டு தாங்கும் பிரெய்ட் (பின்னிய நரம்பு). தடித்த நரம்பைத் தண்ணீர் பிடித்து இழுக்கும், லூர் இறங்கும் கணக்கு மாறும், அதனால் 50 பவுண்டுக்குப் போகாதீர்கள். முன்னால் ஒரு மீட்டர் 40 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர். பிரெய்டையும் லீடரையும் எஃப்ஜி முடிச்சால் இணையுங்கள். வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டு இருபது முறை கட்டிப் பழகிவிட்டு வந்தால் கரையில் அவமானப்பட வேண்டியிருக்காது. லூரோடு கட்டும் முடிச்சு மட்டும் இறுகாத வளையமாக இருக்கட்டும். இறுகிய முடிச்சு லூரின் கழுத்தைப் பிடித்தது மாதிரி.

சீலா நடமாடும் இடத்தில் கம்பி போடலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். நான் போடுவதில்லை, லீடரை 60 பவுண்டாக ஏற்றிக்கொள்வேன். அவ்வப்போது ஒரு லூர் போகும். கம்பி போட்டுத் தள்ளாட்டத்தைக் கெடுத்துக்கொண்டு நாள் முழுக்க நிற்பதற்கு அது பரவாயில்லை.

எங்கே, எப்போது

காசிமேட்டுக்கு வடக்கே எண்ணூர் வரைக்கும் கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டியிருக்கிறார்களே, அந்தத் தூண்டில் வளைவுகள். பெயரிலேயே தூண்டில் இருப்பதால் ஒரு நல்ல சகுனம். கல்லிடுக்கில் சின்ன மீன் ஒதுங்கும், நுனியைச் சுற்றி நீரோட்டம் திரும்பும் இடத்தில் பெரிய மீன் காத்திருக்கும். கல்லுக்கு நேரே முன்னால் வீசாமல், கல்வரிசைக்கு இணையாகப் பக்கவாட்டில் வீசுங்கள். லூர் முழு வீச்சும் மீன் இருக்கும் ஓரத்திலேயே வரும்.

முகத்துவாரம் வேறு மாதிரி. முட்டுக்காட்டில் மணல்திட்டு அடைத்துக்கொண்டால் உள்ளே வெளியே போக்குவரத்து இல்லை. திறந்திருக்கும்போது போங்கள். சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் ஒரு மீட்டர்தான், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி. அது போதும். வற்றத் தொடங்கும் முதல் இரண்டு மணி நேரம் உள்ளிருக்கும் மடவைக் குஞ்சும் இறாலும் வெளியே அடித்து வரும். கொடுவா பாலத்துத் தூண் நிழலிலும் மணல் சரிவின் ஓரத்திலும் ஒதுங்கி நிற்கும். நீரோட்டத்துக்கு எதிராக மேல்பக்கம் வீசுங்கள். எண்ணுங்கள். பிறகு சுற்றவே வேண்டாம், தொய்வை மட்டும் எடுத்துக்கொண்டு தண்ணீர் லூரைக் கொண்டுவரட்டும். மெதுவாக மூழ்கும் லூருக்கென்றே அமைந்த வேலை இது. மிதக்கும் லூரால் முடியாது, ஜிக்கால் முடியவே முடியாது.

விடியலுக்கு முன்னால் அரை மணி நேரமும் பின்னால் ஒரு மணி நேரமும் எனக்குப் பிடித்தவை. சித்திரை வைகாசியில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பினால் நரம்பு வில்லாக வளைந்து எண்ணிக்கையெல்லாம் குழம்பும். ராட் நுனியைத் தண்ணீரோடு தாழ்த்திக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம்.

இழுக்கும் விதம்

எளிதானது: எண்ணி முடித்ததும் மெதுவாக, ஒரே சீராகச் சுற்றுவது. ஐந்து சுற்று, ஒரு நிறுத்தம், மூன்று எண்ணிக்கை, மறுபடி ஐந்து சுற்று. நிறுத்தம்தான் முக்கியம். அந்த மூன்று எண்ணிக்கைக்குள் கடி விழும் என்று எதிர்பார்த்தே நில்லுங்கள்.

பாறை மீனுக்கு இன்னொன்று. நுனியைக் கீழ்நோக்கி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு விடுவது. லூர் இரண்டு முறை திடுக்கிட்டு ஓடி, வயிறு மின்ன இறங்கும். தட்டிய உடனே நுனியை முன்னால் கொண்டுபோய் நரம்பைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் இறங்காது. புதியவர்கள் தட்டுவதை அழகாகச் செய்வார்கள், தளர்த்த மறந்துவிடுவார்கள்.

லூர் இறங்கும்போது விழும் கடி பெரும்பாலும் கைக்குத் தெரியாது, கண்ணுக்குத்தான் தெரியும். நரம்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பக்கவாட்டில் ஒரு துள்ளல், அல்லது பன்னிரண்டு வரை போக வேண்டியது எட்டில் நின்றுவிட்டது. எட்டில் அடி வராது, ஆகவே அது மீன். யோசிக்காமல் தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு ராடைத் தூக்குங்கள். தொய்வோடு தூக்கினால் காற்றைத்தான் தூக்குவீர்கள்.

அன்றைக்கு முட்டுக்காட்டிலும் இப்படித்தான். பெரியவர் சொன்னபிறகு எண்ணினேன். ஒன்பதில் அடி. அடுத்த வீச்சில் ஏழுவரை விட்டுச் சும்மா நின்றேன். தண்ணீர் லூரைத் தூண் பக்கம் கொண்டுபோனது. நரம்பு நகராமல் நின்றது, நான் மாட்டிக்கொண்டது என்று நினைத்து அலுப்போடு இழுத்தேன். தூண் ஓரத்தில் வெள்ளியாக ஒரு கொடுவா வாயைத் திறந்து எகிறித் தலையை உதறியது. லூர் பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. பெரியவர் வலையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "தொளதொளன்னு வச்சிகினு இழுத்தா அது இன்னா பண்ணும்?"

மாட்டிய பிறகு

கொடுவா எகிறும்போது ராடைத் தாழ்த்துங்கள். அதன் செவுள் மூடி கத்தி, லீடரையும் அறுக்கும் உங்கள் விரலையும் அறுக்கும். வாயைக் கவ்விப் பிடிக்கும் கிரிப் இல்லாமல் போகாதீர்கள். பாறை மீன் எகிறாது, கல்லைப் பார்த்து ஓடும். முதல் ஓட்டத்தைத் தடுத்தால்தான் உண்டு, அதனால் ரீலின் பிரேக்கான டிராகைக் கொஞ்சம் இறுக்கியே வையுங்கள். சீலாவைக் கரையில் போட்ட பிறகும் நம்பக் கூடாது, லூரை எடுக்க நீளமூக்குக் கொறடு வேண்டும்.

பெரிய கொடுவாவைப் பற்றி ஒரு வேண்டுகோள். அது பிறவியில் ஆண், சில வருடம் வளர்ந்தபிறகு பெண்ணாகும். முழுக் கை நீளத்தைத் தாண்டிப் பெருத்திருப்பதெல்லாம் பெரும்பாலும் முட்டையிடும் தாய். இந்தியாவில் முதல்முறையாகக் கொடுவாவைப் பண்ணையில் முட்டையிட வைத்தது இதே முட்டுக்காட்டில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் நிலையம்தான், 1997-ல். குழம்புக்கு இரண்டு கிலோ மீன் போதும். பெரியதைப் படம் எடுத்துக்கொண்டு, தண்ணீரில் வாலைப் பிடித்தபடி அது தானாக உதறும்வரை வைத்திருந்து விட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை கிழக்குக் கரை விசைப்படகுகளுக்கு, கரையில் ராடோடு நிற்பவருக்கு அல்ல. ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் லூரோடு போகவே கூடாது. துறைமுகச் சுவர்களில் அனுமதி கேட்டுவிட்டு ஏறுங்கள்.

பாசி பிடித்த கல்லில் ரப்பர் செருப்பு எமன். பிடிமானம் உள்ள ஷூ, கண்ணாடி, தொப்பி, துணைக்கு ஒருவர். மணல் தண்ணீரில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் உரசி உரசி நடங்கள், திருக்கை விலகிவிடும். ஐப்பசி கார்த்திகையில் தூரத்தில் இடி கேட்டாலே ராடைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்புங்கள், கார்பன் ராட் மின்சாரத்தைக் கடத்தும்.

லூர் கல்லில் மாட்டினால் வெறி பிடித்து இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க முள் ஆழமாக ஏறும். நரம்பைத் தளர்த்திவிட்டு, மாட்டிய இடத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பத்தடி நடந்து, நுனியைப் படபடவென்று ஆட்டுங்கள். பாதிக்குப் பாதி கழன்றுவிடும். கழலாவிட்டால் நரம்பைக் கையில் சுற்றாமல் ஒரு துணியிலோ கட்டையிலோ சுற்றி இழுங்கள். பிரெய்ட் சதையை அறுப்பது கண்ணுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் லூர்களை நல்ல தண்ணீர் வாளியில் பத்து நிமிடம் போட்டு, துடைத்து, நிழலில் காயவிட்டுப் பெட்டியில் வையுங்கள். வளையத்தில் செம்மண் நிறம் தெரிந்தால் அந்த வாரமே மாற்றுங்கள். ரீலுக்கு டிராகை இறுக்கிக்கொண்டு மேலாக ஒரு குவளைத் தண்ணீர், பீய்ச்சி அடிக்கக் கூடாது. வாளியை மட்டும் குளியலறையில் விட்டுவிட்டு மறந்துபோகாதீர்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை யாரோ துணி ஊறவைத்த வாளி என்று நினைத்துக் கையை விட்டுவிட்டார்கள், அன்று முதல் வாளி மொட்டைமாடியில்.